முட்டுவலிக்காரர் பட்டியல்

ஜூன் 2, ஞாயிறு

இப்படித்தான் ஆகும் என்று நான் அன்றைக்கே சொன்னேன். கோயிலுக்குள் நாற்காலி வந்தால் ஊருக்கே முட்டுவலி வரும் என்று ஈஸ்டர் முடிந்த மறுநாளே சொல்லிவிட்டேன். வயலட்டைக் கேட்டால் "எங்கிட்ட சொல்லலியே" என்பாள். வயலட் என் வீட்டுக்காரி. நல்லவள்தான், ஆனால் நான் முன்கூட்டிச் சொன்னதை ஞாபகம் வைத்துக்கொள்ளாத ஒரு குறை உண்டு. அதற்காகத்தான் இந்த டைரி. இனிமேல் நான் சொன்னதெல்லாம் தேதியோடு இருக்கும்.

பெயர் ஞானக்கண். எபனேசர்புரம் கோயில் கமிட்டி மெம்பர். படிப்பு எட்டாம் வகுப்பு. அந்தக் காலத்து எட்டு என்பது இந்தக் காலத்து எம்.ஏ.க்குக் குறையாது. உப்பு லாரி எடை மேடையில் முப்பத்தொரு வருஷம். லாரி முக்கு திரும்பும்போதே இத்தனை டன் என்று சொல்லுவேன், முள்ளு அங்கேதான் வந்து நிற்கும். ஒரு தடவை கலெக்டரே பார்த்துவிட்டுக் கை கொடுத்தார். (அது கலெக்டர் இல்லை, அவர் டிரைவர் என்பாள் வயலட். யாராக இருந்தால் என்ன, கலெக்டர் காரில்தான் வந்தார்.) உப்புக்கு அடியில் ஈர மணலை வைத்து எடை ஏற்றுகிற ஆட்களை முப்பத்தொரு வருஷம் பார்த்தவன் நான். எவனையும் நம்பமாட்டேன். அது ஒரு திறமை.

எங்கள் கோயிலில் ஆதிமுதல் கோரைப்பாய்தான். உப்பளத்துக்காரர்கள் கட்டிய கோயில். வலப்பக்கம் ஆண்கள், இடப்பக்கம் பெண்கள். முதலாளி என்றாலும் பாய், கூலி என்றாலும் பாய். இப்போது ஆசீர் முதலாளி தன் அப்பா நினைவாகப் பதினாலு நாற்காலி கொடுத்திருக்கிறார். ஊர் உப்பளத்தில் பாதி அவருடையது, கமிட்டி செயலாளரும் அவரே. "முட்டுவலி உள்ளவங்களுக்கு மட்டும். பக்கத்துக்கு ஏழு, முன்வரிசையில்" என்று இன்றைக்கு அறிவிப்பு வாசித்தார்கள்.

ஆராதனை முடிந்ததும் வாசலில் பார்த்தேன். உள்ளே நேராக நடந்து போனவர்களில் முப்பத்துமூன்று பேர் நொண்டிக்கொண்டு வெளியே வந்தார்கள்.

ஜூன் 5, புதன்

நாற்காலிப் பொறுப்பு எனக்கு! கமிட்டியில் ஏகமனதாக என்னைத் தேர்ந்தெடுத்தார்கள். (மற்றவர்கள் வேண்டாம் என்றதும் ஏகமனதாகத்தான்.) பொறுப்பாளி என்கிற முறையில் எனக்கும் ஒரு நாற்காலி. இதை நான் கேட்கவில்லை. அவர்களாகக் கொடுப்பதற்கு முன்னால் ஒரு தடவை ஞாபகப்படுத்தினேன், அவ்வளவுதான்.

முட்டியைச் சோதிக்க ஒரு முறை கண்டுபிடித்திருக்கிறேன். பேசிக்கொண்டிருக்கும்போதே சாவிக்கொத்தை நழுவ விடவேண்டும். குனிந்து எடுத்தால் முட்டி சரி. ரைஸ்மில் பொன்னுத்துரை மூன்று தடவை எடுத்துக் கொடுத்தான். நாலாவது தடவை, "என்னவே ஞானக்கண், கையில நடுக்கமா? டாக்டர்ட்ட காட்டும்" என்றான். அவன் பெயரைப் பட்டியலில் அடித்துவிட்டேன்.

பிறகு அவன் முதலாளியின் சம்பந்தக்காரன் என்று ஞாபகம் வந்து சேர்த்துவிட்டேன்.

ஜூன் 9, ஞாயிறு

பதினாலு நாற்காலியில் பதிமூன்று பேர், யார் யார் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். முதலாளி, முதலாளி வீட்டம்மா, மில்காரன், பஞ்சாயத்து போர்டு ஆள் என்று போகும். வலி எப்படித்தான் வீட்டைப் பார்த்து வருகிறதோ.

பதினாலாவது சலோமி. அவள் பெயரைப் பட்டியலில் சேர்த்தது நவமணி ஐயர். (எங்கள் பக்கத்தில் குருவானவரை ஐயர் என்போம். இவர் வந்து மூன்று மாதம்தான் ஆகிறது, அதிகம் பேசமாட்டார்.) சலோமி முதலாளி உப்பளத்தில் உப்பு வாருகிறவள். பன்னிரண்டு வயதிலிருந்து அந்த உப்புத் தண்ணீரில் நிற்கிறாள், இப்போது ஐம்பத்தெட்டு. கம்பு ஊன்றித்தான் நடக்கிறாள். பாயில் உட்கார்ந்தால் எழுந்திருக்க இரண்டு பெண்கள் தூக்கவேண்டும். அதனால் ஒரு வருஷமாகவே உள்ளே வராமல், வெளியே செருப்பு விடுகிற படியில் உட்கார்ந்து பாட்டுப் பாடிவிட்டுப் போவாள்.

இன்றைக்கு உள்ளே வந்தாள். முதலாளி வீட்டம்மாவுக்கு அடுத்த நாற்காலி. உட்கார்ந்ததும் நாற்காலிக் கையை இரண்டு பக்கமும் தடவிப் பார்த்தாள். பாட்டு ஆரம்பித்ததும் கூரை பறக்கிற மாதிரி பாடினாள். முதலாளி வீட்டம்மா கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டார்கள்.

வெளியே வரும்போது என்னிடம், "அண்ணாச்சி, பீடம் தெரியுது" என்றாள்.

"என்னது?"

"படியிலேர்ந்து பார்த்தா ஆளுங்க முதுகுதான் தெரியும். இங்கேர்ந்து பீடம் தெரியுது."

ஜூன் 11, செவ்வாய்

முதலாளி கூப்பிட்டு அனுப்பினார். எத்தனையோ வருஷமாக அந்த வீட்டுக்குப் போய்வருகிறேன், வாசல் ஷெட்டோடு சரி. இன்றைக்கு ஹாலுக்குள் கூட்டிப்போய் சோபாவில் உட்காரவைத்தார்கள். உட்கார்ந்தேன், அது என்னை உள்ளே இழுத்துக்கொண்டது. பூப்போட்ட பீங்கான் கோப்பையில் டீ. அடியில் ஒரு தட்டு வேறு.

"ஞானக்கண், உம்ம கண்ணுக்குத் தப்புமா?" என்றார் முதலாளி.

"தப்பாது முதலாளி."

"அந்த சலோமிக்கு நெசமாவே முட்டுவலியா? இல்ல, ஐயரு புதுசு, இரக்கப்பட்டுட்டாரா? எம் மனசுல ஒண்ணும் இல்ல. தைல வாடை வருதுன்னு வீட்ல சொல்லுதாவ. அது கிடக்கட்டும். தப்பா ஒருத்தருக்குக் குடுத்துட்டா நாளைக்குக் கமிட்டிக்குத்தான் கெட்ட பேரு. மெட்ராஸ்லேர்ந்து கொழுந்தியா வந்திருக்கா, அவளுக்கும் முட்டி சரியில்ல. நீரு விசாரியும். நீரு சொன்னா சரி."

நீர் சொன்னால் சரி. முப்பத்தொரு வருஷத்தில் என்னிடம் இப்படி ஒரு வார்த்தையை யாரும் சொன்னதில்லை.

வரும்போதே எனக்குள் சந்தேகம் வந்துவிட்டது. உண்மையில் எனக்கு முதலிலிருந்தே சந்தேகம்தான். கம்பை எதற்கு வலது கையில் பிடிக்கிறாள்?

ஜூன் 14, வெள்ளி

மூன்று நாளாகப் பின்தொடர்கிறேன். ஆளுக்குத் தெரியாமல் பின்தொடர்வது ஒரு கலை. குடையை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டேன். "வெயிலு தாங்கலியா அண்ணாச்சி?" என்று சலோமியே கேட்டாள்.

பார்த்தது: வேலை முடிந்து டிராக்டரிலிருந்து இறங்கும்போது பக்கவாட்டில், குழந்தை கட்டிலிலிருந்து இறங்குகிற மாதிரி இறங்குகிறாள். பத்து அடிக்கு ஒரு தடவை நிற்கிறாள். பைப்படியில் உட்கார்ந்து முட்டி மேல் ஈரத்துணி போடுகிறாள்.

யாருக்காக இதெல்லாம் நடிக்கிறாள் என்பதுதான் பிடிபடவில்லை. அங்கே என்னைத் தவிர யாரும் இல்லை.

ஜூன் 18, செவ்வாய்

நாற்காலி ரிஜிஸ்தரில் கையெழுத்து வாங்க முதலாளி வீட்டுக்குப் போனேன். பின்பக்கம் சத்தம். எட்டிப் பார்த்தால் முதலாளியும் மில்காரனும் வலை கட்டி இறகுப்பந்து விளையாடுகிறார்கள். முதலாளி எம்பி எம்பி அடிக்கிறார். அறுபத்துமூன்று வயதில் அந்த எம்பல், நம்பினால் நம்புங்கள், ஐந்தடி இருக்கும்.

கையெழுத்துக்கு நாளைக்கு வரலாம் என்று சத்தமில்லாமல் திரும்பிவிட்டேன். பெரிய இடத்து முட்டி, ஏறும் இறங்கும்.

ஜூன் 20, வியாழன்

வயிற்றுப்போக்கு. காலையிலிருந்து வாசல்படி தாண்டவில்லை. வயலட் கஞ்சி வைத்துக் கொடுத்தாள்.

ஜூன் 22, சனி

கமிட்டி கூடியது. என் வாழ்நாளில் இப்படிப் பேசியதில்லை.

முதலாளி, "சலோமி விஷயம் விசாரிச்சீரா?" என்றார். ஏழு பேரும் என்னையே பார்த்தார்கள். ஐயரும் பார்த்தார். கையில் ஒன்றும் இல்லை என்று அங்கே எப்படிச் சொல்வது? கண்ணுக்குத் தப்பாது என்று பெயர் எடுத்தவன் நான்.

சொன்னேன். வியாழக்கிழமை காலை ஏழு பத்து. தூத்துக்குடி பஸ் கிளம்பிவிட்டது. நான் புளியமரத்தடியில் நிற்கிறேன். தூரத்தில் ஒரு பச்சைச் சேலை. யார் என்று பார்த்தால் சலோமி! கையில் கம்பு இல்லை. ஒரு ஓட்டம் பாருங்கள், புழுதி பறக்கிறது. கண்டக்டர் விசில் அடிக்கிறான், டிரைவர் பிரேக் போடுகிறான், இவள் படியில் தாவி ஏறுகிறாள். பின் படியில் இல்லை, முன் படியில்!

முன் படி என்றதும் எல்லோரும் நம்பிவிட்டார்கள். அந்த மாதிரி ஒரு சின்ன விவரம் வேண்டும்.

ஐயர் மட்டும், "நீங்க கண்ணால பார்த்தீங்களா?" என்று கேட்டார்.

"இந்த ரெண்டு கண்ணால ஐயரே."

அவர் மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆள் என்ன நினைக்கிறார் என்று தெரியாத மனுஷர். எச்சரிக்கையாக இருக்கவேண்டும்.

சலோமியைப் பற்றி யாரும் கோபமாகப் பேசக்கூடாது என்று முதலாளி சொன்னார். "நாம ஏன் அந்தப் பொம்பளையைப் பொய்க்காரின்னு சொல்லணும்? சபையில அவளுக்காக ஜெபம் பண்ணோம்லா? கர்த்தர் சுகம் குடுத்துட்டாரு. அப்படிச் சொல்லிட்டா யாருக்கும் மனவருத்தம் இல்ல." என்ன பெருந்தன்மை. எனக்கே கண் கலங்கியது.

வீட்டுக்கு வந்து வயலட்டிடம் சொன்னேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். "வியாழக்கெழமையா?"

"ஆமா."

"வியாழக்கெழம நீங்க கக்கூசுக்கும் கட்டிலுக்குமா அலைஞ்சியள்லா?"

"நடுவுல ஒரு எட்டு வெளிய போயிட்டு வந்தேன். நீ பார்க்கல."

அவள் மறுபடி கீரைக்குக் குனிந்துகொண்டாள். முற்றின தண்டு, இளந்தண்டு எல்லாவற்றையும் சேர்த்து ஒடித்துக்கொண்டிருந்தாள்.

ஜூன் 23, ஞாயிறு

முதலாளி அறிவிப்பு வாசித்தார். சகோதரி சலோமி அவர்களுக்கு ஆண்டவர் பூரண சுகம் தந்ததற்காக சபை ஸ்தோத்திரம் செலுத்துகிறது, இதைக் கண்ணால் கண்ட சாட்சி சகோதரர் ஞானக்கண் என்றார். என் பெயர் மைக்கில், இரண்டு தடவை.

நான் சலோமியையே பார்த்துக்கொண்டிருந்தேன். எழுந்து சண்டை போடுவாள் என்று நினைத்தேன். போட்டால் என்ன பதில் சொல்வது என்று மூன்று பதில் தயாராக வைத்திருந்தேன். அவள் சண்டை போடவில்லை. வாயைத் திறந்தபடி என்னைப் பார்த்தாள். பிறகு தன் முட்டியைப் பார்த்தாள். சேலைக்கு மேலேயே அதைத் தொட்டுப் பார்த்தாள், சூடு ஆறிவிட்டதா என்று சட்டியைத் தொட்டுப் பார்க்கிற மாதிரி. பிறகு சிரித்துக்கொண்டே அழுதாள்.

அழுதுகொண்டே நாற்காலியை விட்டு இறங்கிப் பாயில் உட்கார்ந்தாள். மெட்ராஸ் கொழுந்தியா ஏறி உட்கார்ந்தார்கள். எல்லாம் நல்லபடியாக முடிந்தது.

ஆனால் அழுகையில் ஏதோ சூது இருக்கிறது. நாற்காலி போனதற்கு எவளாவது சந்தோஷமாக அழுவாளா?

ஜூன் 26, புதன்

சலோமி வீட்டுக்கு வந்தாள், ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு. சண்டைக்குத்தான் வருகிறாள், பழம் ஒரு சாக்கு என்று நினைத்துக் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"அண்ணாச்சி, அதைக் கொஞ்சம் சொல்லுங்க."

"எதை?"

"நான் ஓடுனதை."

வயலட் அடுப்படி வாசலில் வந்து நின்றாள்.

"உனக்கே தெரியாதா?" என்றேன்.

"தெரியலியே. வியாழக்கெழம நான் பஸ்ஸுல போனேனான்னே ஞாபகம் இல்ல. அளத்துலதான் நின்னேன்னு நெனைச்சேன். ஆனா எனக்கு நாளு கெழமை எங்க தெரியுது, எல்லா நாளும் ஒரே உப்புதான். நீங்க பொய் சொல்லவா போறீய? பச்சைச் சேலைன்னு சொன்னியளாமே. எங்கிட்ட ஒரு பச்சைச் சேலை இருக்கு அண்ணாச்சி! அதை வச்சுத்தான் நான் நம்புனேன்."

என்ன செய்வது, சொன்னேன். ஒருத்தர் அப்படிக் கேட்கும்போது சுருக்கமாகவும் சொல்ல முடியாது. இந்தத் தடவை முந்தானை பறந்தது, பஸ்ஸில் இருந்தவர்கள் கை தட்டினார்கள், ஒரு தாத்தா எழுந்து நின்றார். அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். நடுவில் ஒரு தடவை, "ரெண்டு காலையும் மாத்தி மாத்தி வச்சா ஓடுனேன்?" என்று கேட்டாள்.

"மாத்தி மாத்திதான்."

"சின்னப்பிள்ளையில அப்படித்தான் ஓடுவேன்" என்று சிரித்தாள். முன்பல் இரண்டு இல்லை.

ஆஸ்பத்திரி மாத்திரையை நிறுத்திவிட்டாளாம். சுகம் கிடைத்த பிறகும் மாத்திரை போட்டால் அவநம்பிக்கை ஆகிவிடுமாம். "வலிக்கத்தான் செய்யுது அண்ணாச்சி. அது என் விசுவாசக் குறைவு. போகப் போகச் சரியாயிரும்." கம்பையும் எங்கள் வாசலிலேயே வைத்துவிட்டுப் போனாள். சுவரைப் பிடித்துக்கொண்டு தெருமுனை வரைக்கும் போனாள். அதற்கப்புறம் அந்தத் தெருவில் சுவர் இல்லை. எப்படிப் போனாள் என்று நான் பார்க்கவில்லை, உள்ளே வேலை இருந்தது.

வயலட் ஒரு பழத்தைக்கூடத் தொடவில்லை. நான் இரண்டு சாப்பிட்டேன். நல்ல பழம்தான்.

ஜூன் 30, ஞாயிறு

வயலட் எப்போதும் உட்காரும் இடத்தை விட்டுவிட்டு சலோமி பக்கத்தில் பாயில் உட்கார்ந்தாள். ஏன் என்று கேட்டேன். "காத்து வருது" என்கிறாள். அங்கே ஜன்னலே கிடையாது. இவளையும் கவனிக்கவேண்டும்.

ஜூலை 7, ஞாயிறு

இதை எழுத உட்கார்ந்து ஒரு மணி நேரம் ஆகிறது.

ஆராதனை முடிந்து எல்லோரும் போய்விட்டார்கள். வயலட் இன்றைக்குத் தங்கச்சி வீட்டுக்குப் போயிருந்தாள். நாற்காலிகளை அடுக்கப் பக்கவாசல் வழியாக உள்ளே வந்தேன். பெண்கள் பக்கத்துப் பாயில் சலோமி மட்டும் உட்கார்ந்திருந்தாள்.

"போகலியா சலோமி?"

"நீங்க போங்க அண்ணாச்சி. கொஞ்சம் ஜெபம் பண்ணிட்டு வாரேன்."

முகத்தில் ஒரு பதற்றம். எனக்குச் சட்டென்று பொறி தட்டியது. ஆள் இல்லாத நேரத்தில் எதற்கு இருக்கிறாள்? போகிற மாதிரி போய், தூணுக்குப் பின்னால் மறைந்து நின்றேன். இன்றைக்கு இவள் சாயம் வெளுத்துவிடும் என்று நினைத்தேன்.

அவள் சுற்றிலும் பார்த்தாள். யாரும் இல்லை என்று தெரிந்ததும் இரண்டு கையையும் ஊன்றி, உட்கார்ந்தபடியே நகர ஆரம்பித்தாள். பாயிலிருந்து தரைக்கு, தரையிலிருந்து ஜன்னல் பக்கத்துச் சுவருக்கு. அந்தப் பத்தடி தூரத்துக்கு எவ்வளவு நேரம் ஆனது என்று சொன்னால் கூட்டிச் சொல்கிறேன் என்பீர்கள், அதனால் சொல்லவில்லை. சுவரில் முதுகை வைத்து எழப்பார்த்தாள். பாதி எழுந்து அப்படியே சரிந்தாள். மறுபடியும். மூன்றாவது தடவை உட்கார்ந்துவிட்டாள். முட்டியில் கையால் ஓங்கி அடித்தாள்.

"அன்னைக்கு ஓடுனியே. இப்ப எந்திரி."

காலிடம்தான் பேசுகிறாள். கெஞ்சவும் செய்தாள். "ஆளுங்க வாரதுக்குள்ள எந்திரிம்மா. அண்ணாச்சி பார்த்தா என்ன நெனைப்பாரு? அவரு சாட்சி சொல்லியிருக்காருலா?"

போன ஞாயிறும் அதற்கு முந்தின ஞாயிறும் இப்படித்தானா என்று எனக்குத் தெரியவில்லை. போன வாரம் வயலட் தூக்கியிருப்பாள். அதற்கு முந்தின வாரம்?

தூணுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தேன். அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஒரு நாற்காலியை இழுத்துக்கொண்டு போய்ப் பக்கத்தில் போட்டேன். கையைக் கொடுத்தேன்.

"நாற்காலி வேண்டாம் அண்ணாச்சி. சுகம் வாங்கிட்டு அதுல உக்காந்தா கர்த்தரு கோவிச்சுக்குவாரு."

"கோவிக்கமாட்டாரு. உக்காரு."

"இல்ல அண்ணாச்சி. இன்னொரு தரம் சொல்லுங்க. நான் எப்படி ஓடுனேன்னு. அதைக் கேட்டா தெம்பா இருக்கும், எந்திரிச்சிருவேன்."

அக்குளில் கை கொடுத்துத் தூக்கினேன். உப்பு மூட்டை தூக்குகிற மாதிரி கனமாக இருப்பாள் என்று நினைத்தேன். ஒன்றுமே இல்லை.

ஜூலை 8, திங்கள்

சாப்பிடவில்லை. வயிறு சரியில்லை என்றேன். "போன தடவையும் வயித்துலதான் ஆரம்பிச்சுது" என்றாள் வயலட். தண்ணீரை வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"ஒண்ணு கேக்கேன். அந்தச் சோபா அவ்வளவு மெத்துன்னா இருந்துச்சு?"

தண்ணீரை எடுத்துக் குடித்தேன்.

"முதலாளி பந்து அடிக்காரே, அதை நீங்க எங்கிட்ட மட்டும் சொன்னீய. ஊருக்குச் சொல்லல."

"அது பெரிய இடம், வயலட்."

"அப்ப சலோமி என்ன இடம்?"

ஜூலை 13, சனி

நாளைய அறிவிப்புக்கு ஒரு துண்டுச்சீட்டு எழுதி ஐயரிடம் கொடுப்பது என்று முடிவு செய்தேன். காலையிலிருந்து எழுதிக்கொண்டிருக்கிறேன்.

முதல் சீட்டு: அன்றைக்குக் கடும் புழுதிக்காற்று வீசியதாலும், என் கண்ணில் தூசி விழுந்திருந்ததாலும், ஓடியவர் வேறொரு பெண்ணாக இருக்கலாம் என்று...

கிழித்தேன். புழுதி ஏது, வேறு பெண் ஏது.

இரண்டாவது சீட்டு: சலோமி அவர்கள் ஓட்டம் என்று சொல்லத்தக்க விதத்தில் அல்லாமல், சற்றே வேகமாக...

அதையும் கிழித்தேன். கடைசியில் வெறும் கையோடு ஐயர் வீட்டுக்குப் போனேன். முழுவதையும் சொன்னேன். திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர், "அன்னைக்கு மேஜையைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருந்தேன் பாருங்க, எனக்கும் சந்தேகம்தான். முதலாளி முகத்தைப் பார்த்துட்டு விட்டுட்டேன்" என்றார். அவரைப் பற்றி நான் சந்தேகப்பட்டது தப்பில்லை, ஆனால் சந்தேகப்பட்ட விஷயம்தான் வேறு.

"சீட்டை நான் வாசிச்சா அது அறிவிப்பு. நீங்க நின்னு சொல்லுங்க" என்றார்.

ஜூலை 14, ஞாயிறு

அறிவிப்பு நேரத்தில் எழுந்து நின்றேன். முன்னூறு பேர். (எண்ணவில்லை. நூற்றைம்பது இருக்கும்.)

"போன மாசம் நான் ஒரு சாட்சி சொன்னேன்" என்று ஆரம்பித்தேன். இன்னொரு அற்புதம் வருகிறது என்று நினைத்து இரண்டு பேர் ஸ்தோத்திரம் சொன்னார்கள். முதலாளி நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து சிரித்த முகமாகத் தலையாட்டினார்.

"போன மாசம் முதலாளி அவரு வீட்டுப் பின்பக்கம் எம்பி எம்பிப் பந்து அடிச்சாரு. அதை நான் பார்த்தேன். கமிட்டியில சொல்லல."

சிரிப்பு நின்றது. மில்காரன், "வே, என்னவே பேசுதீரு, உக்காரும்" என்றான்.

"நீரும் எதிர்ப்பக்கம் நின்னீரு. இனி நான் சொல்லப்போறது பார்த்தது இல்ல..."

நான் முடிப்பதற்குள் வயலட் பெண்கள் பக்கத்திலிருந்து எழுந்து நேராக வந்தாள். ஆண்கள் பக்கத்துக்கு எந்தப் பெண்ணும் வந்து நான் பார்த்ததில்லை. என் நாற்காலியை எடுத்துக்கொண்டு போய் சலோமி பக்கத்தில், பாயின் நடுவில் போட்டாள். நான் நின்றுகொண்டே இருந்தேன். உட்கார இடம் இல்லை.

சலோமி அதில் ஏறவில்லை. அதன் காலைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தாள். மைக் இல்லாமலே அவள் குரல் எல்லோருக்கும் கேட்டது.

"அப்ப நான் ஓடலியா அண்ணாச்சி?"

இந்த டைரியில் எதை எதையோ கூட்டி எழுதியிருக்கிறேன். அடுத்து நடந்ததைக் கூட்டவில்லை.

"ஓடல சலோமி. உன் கால் மேல ஒரு தப்பும் இல்ல. வியாழக்கெழம நான் வீட்ட விட்டு வெளியவே வரல. பஸ்ஸையும் பார்க்கல, உன்னையும் பார்க்கல. அந்தப் பச்சைச் சேலை நானாச் சொன்னது."